நெடுந்தீவு லோஞ்சின் கீழ்த்தட்டில்

நெடுந்தீவுக்கும் அக்கரையில் உள்ள குறிகட்டுவான் துறைக்கும் இடையில் ஆட்களை ஏற்றிப்போன அந்த மரலோஞ்சை, என்ஜின் பூட்டிய படகை, யார் கட்டினார்கள் என்று கேட்டால், தீவில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். வல்வெட்டித்துறை என்பார்கள் சிலர். ஊர்காவற்றுறை என்பார்கள் வேறு சிலர். போர்க்காலத்தில் அது கரையில் கிடந்து பிளந்ததையும், பிறகு பலகை மாற்றிக் கடலில் இறக்கியதையும் மட்டும் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். நான் தீவு வைத்தியசாலைக்குத் தாதியாக வந்தது அதற்குப் பிறகு. கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கீழ்த்தட்டில், டீசல் மணத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன்.

சோளகக் காற்று கடலைக் கிளப்பும் காலத்தில் ஒரு காலை, நிறைமாதக்காரி ஒருத்தியை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். பாதிக் கடலில் அவளுக்கு வலி கண்டது. லோஞ்சு இரண்டு பக்கமும் உருண்டது. ஓட்டி என்ஜினைத் தணித்து, திரும்பிப் போகட்டுமா என்று என்னைக் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள்தான் பதில் சொன்னாள்.

“திருப்பாதையுங்கோ அண்ணை. போனமுறை கடல் பொல்லாதெண்டு லோஞ்சு ஓடேல்லை. அப்பிடித்தான் என்ரை முதல் பிள்ளை போனது.”

ஓட்டி சுக்கானை இறுக்கிப் பிடித்தார்.

“ஊருக்குத் திருப்பேல்லை, தங்கச்சி. பிள்ளை பிறக்குமட்டும் அலைக்கு முகம் குடுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீர் பயப்பிடாதையும்.”

அவர் சொன்னபடியே லோஞ்சின் முகத்தை அலைக்கு நேரே பிடிக்க, உருளல் குறைந்தது. ஆண்கள் எல்லாரும் மேல்தட்டுக்கு ஏறி, தூவானத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். பெண்கள் சேலையால் மறைப்புப் பிடித்தார்கள். கடல் ஒத்துக்கொள்ளாமல் ஒரு பக்கம் சத்தியெடுத்தபடிதான் நான் பிள்ளையை ஏந்தினேன். பெண்பிள்ளை. உடனே அழவில்லை. முதுகைத் தேய்த்தேன், திரும்பத் திரும்பத் தேய்த்தேன். அது அழுத பிறகுதான், மேலே யாரோ உரக்கச் செபம் சொல்லிக்கொண்டிருப்பது என் காதில் விழுந்தது.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஓட்டி கீழே வந்து பார்க்கவேயில்லை. பிறகு கேட்டபோது, சுக்கானை விட ஏலாமல் இருந்தது என்றார்.

இப்போது நோயாளரைக் கொண்டுபோக வேகமான படகு வந்துவிட்டது. பழைய லோஞ்சின் கதையைச் சொல்பவர்கள் அது ஓடிய நாட்களைத்தான் சொல்கிறார்கள். கடல் பொல்லாததென்று அது துறையில் கட்டிக்கிடந்த நாட்களும் அதன் கதைதான் என்று எனக்குப் படுகிறது.

அந்தப் பிரசவத்துக்குச் சில கிழமைகள் கழித்து அவள் பிள்ளையோடு அதே லோஞ்சில் ஊர் திரும்பினாள். கடல் தட்டையாகக் கிடந்ததால், வீட்டிலிருந்து திரும்பிய நானும் அன்று மேல்தட்டில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். மடியில் பிள்ளை நித்திரை. கரை வரும்வரை அவள் பேசியது முதல் பிள்ளையைப் பற்றித்தான்.