தாவ வேண்டிய அழைப்பு

ஆபீஸில் அவளுக்குப் பின்வாசல் அக்கா என்று பெயர். லிஃப்ட் ஓட்டும் புரோகிராம்களை எழுத அந்தக் கம்பெனி சொந்தமாக ஒரு மொழி வைத்திருந்தது. அதில் எழுதியதை சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரின் கடைசிப் பகுதி அவள் பொறுப்பு. யார் என்ன எழுதினாலும் அவள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், அதனால் பின்வாசல்.

பழைய பகுதி ஒரே வகைச் சிப்புக்குத்தான் சரிப்படும். அந்தச் சிப் இனிக் கிடைக்காது என்றானதும், வேறு வழி தேர்ந்தெடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. கட்டளைகளை முதலிலிருந்து கையால் எழுதலாம்; ஆயுசு போதாது. கட்டளைகளை எழுதித் தருவதற்கென்றே பலர் சேர்ந்து கட்டிய பெரிய மென்பொருள் லைப்ரரியிடம் ஒப்படைக்கலாம். படித்து முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அல்லது சி என்ற பொதுவான கணினி மொழியாக மாற்றிவிட்டு, மிச்சத்தை சி கம்பைலர் தலையில் கட்டலாம்.

"சியே போதும் சார். எந்த சிப் வந்தாலும் அதுக்கு ஒரு சி கம்பைலர் இருக்கும்" என்றாள் மேனேஜரிடம். ஆபீஸ் சோதனைகள் எல்லாம் தேறின.

லிஃப்ட்டுகளை ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கோபுரத்தில் புதிய புரோகிராமை ஏற்றிய அன்று லிஃப்ட்டுக்குள் இருந்தது அவள் கணவன். அதே கம்பெனியில் மெக்கானிக். அவள் மேலே மோட்டார் அறையில் திரைமுன் இருந்தாள். மேலும் கீழும் போய் வந்து அலுத்தவன் இன்டர்காமில், "உன் பின்வாசல் நல்லாத்தான் ஓடுது. தூக்கம்தான் வருது" என்றான்.

அவள் சிரித்து முடிக்கவில்லை. திரை வெறுமையானது. மோட்டார் அடங்கி, பிரேக் விழுந்த அதிர்ச்சி தரை வழியே அவள் காலுக்கு வந்தது.

"என்னங்க?"

இன்டர்காம் பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

"என்னங்க, பேசுங்க."

பிரேக் தானாகவே பிடிக்கும், அது புரோகிராமை நம்பி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் லிஃப்ட் கதவுக்கு ஓடினாள்.

கையால் சுழற்றி லிஃப்ட்டை மேலே ஏற்றிக் கதவைத் திறந்தார்கள். அவனுக்குப் புருவம் கிழிந்து, சட்டைக் காலர் வரை ரத்தம்.

"கைப்பிடியில இடிச்சிக்கிட்டேன். நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான்.

காரணம் அன்றே கிடைத்தது. அவர்கள் மொழியில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய, அந்த வேலை கடைசியில் தன்னையே அழைக்கும். அப்போது திரும்பி வரும் இடத்தைக் குறித்து வைக்காமல் நேரே தாவ வேண்டும். குறித்தால் குறிப்புகள் குவிந்து நினைவகம் நிரம்பிவிடும். ஆபீஸ் சோதனைகளில் சி கம்பைலர், வேகத்துக்கென்று அதில் இருக்கும் ஒரு வசதியால், அழைப்பைத் தாவலாகவே மாற்றியது. கோபுரத்தில் பிழை தேடச் சுலபமாக இருக்கட்டும் என்று அந்த வசதியை அணைத்திருந்தார்கள்; நினைவகம் நிரம்பிப் புரோகிராம் நின்றுவிட்டது.

"அதை எப்பவும் போட்டே வெச்சிட்டா தீர்ந்தது" என்றார் மேனேஜர்.

"போட்டா தாவும் சார். ஆனா தாவியே ஆகணும்னு அதுக்கு ஒரு கட்டாயமும் இல்ல. அது மனசு வெச்சாத்தான்."

பிடிவாதமாக லைப்ரரிக்கு மாறினாள். அதனிடம் 'இந்த அழைப்பு தாவியே ஆக வேண்டும்' என்று சொல்ல முடியும். முடியாவிட்டால் புரோகிராமையே மறுத்துவிடும்.

மறுத்தது. எல்லா ஊர் லிஃப்ட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய புரோகிராமைக் கொடுத்தபோது, கதவைத் திறக்கும் இடத்தில். அழைக்கும் வேலையைவிட அழைக்கப்படும் வேறொரு வேலைக்கு அதிக மதிப்புகள் போகின்றன, அதனால் தாவ முடியாது என்றது. லைப்ரரியின் குறை என்றுதான் நினைத்தாள். கம்பைலரின் பழைய பகுதி எப்படிச் சமாளித்தது என்று திறந்து பார்த்தாள். சமாளிக்கவே இல்லை. சத்தமில்லாமல், திரும்பும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் சாதாரண அழைப்பாக மாற்றியிருந்தது.

அப்படியானால் ஒவ்வொரு கட்டடத்திலும், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும், குறிப்புகள் குவிந்துகொண்டிருக்கின்றன. ஏன் ஒரு லிஃப்ட்கூட நிற்கவில்லை?

வீட்டில் புருவத் தையலோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள். "மாசா மாசம் சர்வீஸுக்குப் போனா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுவேன். வேலை முடிஞ்சதும் ஆன் பண்ணுவேன். ஏன்?"

அணைத்தால் குவிந்த குறிப்புகள் எல்லாம் அழிந்துவிடும். இத்தனை வருஷமும் இதுதான் காப்பாற்றியிருக்கிறது.

"ஒரு மாசம் போகாம விட்டா?"

"விடத்தானே போறாங்க. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை போனா போதுமாம். நேத்துதான் ஆபீஸ்ல சொன்னாங்க."

மேனேஜரிடம் பேச அவள் போனைத் தேடினாள். அவன்தான் எடுத்து எண்ணை அழுத்திக் கொடுத்தான். மேனேஜர் முழுக்கக் கேட்டார். பிறகு, "நாளைக்கே அந்த மூணு மாச உத்தரவை நிறுத்தறேன்" என்றார்.

உத்தரவு நின்றது. ஊர் ஊராகப் போய்ப் புரோகிராமை மாற்றினார்கள். மாற்றி முடித்த பிறகும் அவள் வெகுகாலம் படிக்கட்டில்தான் ஏறினாள். முட்டி வலிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அவனும் கூடவே ஏறினான்.