இன்று பிளவு, நாளை இணைவு

நல்லூரில் இரண்டு மாஸ்டர்மார் சேர்ந்து தனியார் வகுப்புகள் நடத்திய ரியூட்டரி உடைந்ததை ஊருக்கு அறிவித்தவன் நான். உடைவதற்கு முன்பே அறிவித்துவிட்டேன் என்பதுதான் சிக்கல்.

படிப்பை ஒன்பதாம் வகுப்போடு விட்டவன். குருநகரில் வலை இழுத்தேன், சந்தையில் வெங்காய மூட்டை தூக்கினேன், எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ. மரணம், திருவிழா, வகுப்பு எல்லாவற்றையும் ஒரே குரலில் அறிவிப்பேன்.

1. பாடம்

பௌதிக மாஸ்டரிடம் பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்தார்கள். இரசாயன மாஸ்டரின் வகுப்பில் நிற்க இடமில்லை. இருவரும் முகம் பார்த்துக் கதைப்பதையும் விட்டிருந்தார்கள். பிள்ளைகளைத் திரும்பப் பிடிக்க, குண்டுகளைப் பற்றி இரண்டு நாள் இலவச வகுப்பு வைக்கப் பௌதிக மாஸ்டர் முடிவெடுத்து, அறிவிக்க என்னைக் கூப்பிட்டார்.

"பிழையாய்ச் சொல்லிப்போடுவாய், முதல்லை விளங்கிக்கொள்" என்று ஓட்டோவில் ஏறி இருந்தார். "யுரேனியக் கருவிலை ஒரு நியூத்திரன் முட்டும். கரு ரண்டாய்ப் பிளக்கும். அதிலையிருந்து ரண்டு மூண்டு நியூத்திரன் வெளிக்கிட்டுப் பக்கத்துக் கருக்களைப் பிளக்கும். அப்பிடியே பெருகும். அதுதான் அணுகுண்டு. யுரேனியத்தின்ரை அளவு காணாதெண்டால் நியூத்திரன் வெளியாலை தப்பிப்போடும், வெடிக்காது."

"கரு ஏன் நியூத்திரனை உள்ளுக்கை விடுது?"

"அதுக்கு மின் ஏற்றம் இல்லை. நேருமில்லை, மறையுமில்லை. ஆரின்ரை பக்கமும் இல்லாதபடியாலை ஒருத்தரும் தள்ளமாட்டினம்."

"மற்ற நாள் வகுப்பிலை என்ன?"

"ஐதரசன் குண்டு. சின்னக் கருக்கள் ஒண்டாய்ச் சேருறது, இணைவு. ஆனால் அதுகள் ஒண்டையொண்டு தள்ளும். பயங்கரச் சூடு வேணும். அந்தச் சூட்டுக்கு முதல்லை ஒரு அணுகுண்டு வெடிக்கவேணும்."

"சேருறதுக்கும் முதல்லை ஒரு பிளவோ? எங்கடை கோயில் நிர்வாகசபை மாதிரிக் கிடக்கு."

"உந்தப் பகிடியை மைக்கிலை விட்டிடாதை."

2. அறிவித்தல்

ஓட்டோ ஒரு வீட்டுக் கேற்றைத் தாண்டுவதற்குள் செய்தி முடியவேண்டும். தொழில் அதுதான். ஆகவே ரியூட்டரியின் பெயரைச் சொல்லி, "இன்று மாலை பிளவு! நாளை மாலை இணைவு! அனைவரும் வருக!" என்றேன்.

ஒரு தாய் ஓடிவந்து மறித்தார். "தம்பி, மாஸ்டர்மார் பிரியினமோ?"

அவர் பாடத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "ஓம் அக்கா, இண்டைக்குப் பிளவு. நாளைக்குச் சேரும்."

"சேருறதெண்டால் பிறகேன் பிரியுறது?"

"சேரச் சூடு வேணுமாம்."

3. வெடிப்பு

மாலையில் மண்டபம் நிறைந்தது. பிள்ளைகளோடு தாய் தகப்பனும் வந்திருந்தார்கள். தனக்குத்தான் இந்தக் கூட்டம் என்று பௌதிக மாஸ்டர் பூரித்துப்போனார். பலகையில் ஒரு வட்டம் கீறி, நடுவே பிளந்தார். வாசலில் இரசாயன மாஸ்டர் வந்து நின்றார்.

"எனக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்லிப்போட்டீர், என்ன? சரி, பிளவுதான்!"

"ஐயோ, இது யுரேனியம்!" என்று பௌதிக மாஸ்டர் கத்தினார்.

இரசாயன மாஸ்டர் திரும்பி நடந்தார். முன்வரிசையில் ஒரு பெடியன் எழும்பிப் பின்னால் போனான். அவனைப் பார்த்து இரண்டு பேர், அவர்களைப் பார்த்து ஒரு வாங்கில் இருந்தவர்கள் முழுக்க. பலகையில் கீறாத மீதிப் படம் வாசலில் நடந்தது. கடைசியில் மிஞ்சியவர்களின் எண்ணிக்கை வெடிக்கப் போதாது.

அடுத்த நாள் இணைவு நடக்கவில்லை. சூட்டுக்கு மட்டும் குறைவில்லை.

இப்போது ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு ரியூட்டரிகள். இரண்டுக்கும் நான்தான் அறிவித்தல்.

"நீ ஆரின்ரை பக்கமடா?" என்று பௌதிக மாஸ்டர் போன கிழமை கேட்டார்.

"எனக்கு ஏற்றம் இல்லை, மாஸ்டர்."

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்குச் சொல்வது இதுதான்: எந்தப் பக்கமும் சேராதவனுக்கு எல்லாக் கேற்றும் திறக்கும். உள்ளே போய் முட்டினால் என்ன நடக்கும் என்பதைப் பௌதிக மாஸ்டரிடம் கேளுங்கள். அவரின் வகுப்பில் இப்போது இடம் இருக்கிறது.