சுடர் சாய வேண்டும்

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகிற சாலையில், ஒரு மாட்டுத்தீவனக் கடையின் மாடியில் இருந்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, ராஜசேகர் பதினொரு வருஷமாக ஆங்கிலத்தைக் காப்பாற்றி வந்தார். யாரிடமிருந்து என்றால், அதைப் பேசுகிறவர்களிடமிருந்து.

ஆங்கிலம் தெரியாதவர்கள்மேல் அவருக்குக் கோபம் கிடையாது. தெரிந்தவர்களைத்தான் சகிக்காது. 'இஸ்கூல்' என்கிற கண்டக்டரைப் போனால் போகிறதென்று விட்டுவிடுவார். 'காலேஜில் பாஸ்டு அவுட் ஆனேன்' என்கிற எம்.ஏ.காரரை விடமாட்டார். எல்லை ஊரில் மலையாளிகள் செய்யும் கொலையும் தமிழர்கள் செய்யும் கொலையும் தனித்தனியாகக் காதில் விழும். கல்யாணப் பத்திரிகை வந்தால் சிவப்பு மையில் திருத்தி, மொய்க் கவரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவார். பத்திரிகைகள் நாளடைவில் குறைந்துபோயின. ஊர் திருந்திவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

பாடம் நடத்த அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு மெழுகுவத்தி. வெள்ளைக்காரன் 'பேப்பர்' என்றால் முதல் எழுத்திலேயே மூச்சு வெடித்துச் சுடர் சாயும். நம் ஆட்களின் 'பேப்பர்' அதற்குத் தெரியாமலே கடந்துபோகும். சாய்க்காதவர் அடுத்த சொல்லுக்குப் போக முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சுடரை அணைத்துவிடும் என்பதால் சன்னல்கள் திறந்ததே இல்லை. மூன்று மாதம் வெந்து வெளியே வருகிறவருக்கு நாற்பது சொல் சுத்தமாக வரும். வாக்கியம் ஒன்றும் வராது. "தப்பாப் பேசறதுக்குப் பேசாம இருக்கறது மரியாதை" என்பார். மரியாதை ஏராளமாக விளைந்தது.

சுஹைனா மட்டும் இரண்டாவது வாரமே நின்றுவிட்டாள். நர்ஸ். அவளுடைய அத்தாவுக்குக் கோவிந்தாபுரத்தில் மாங்காய் மண்டி. வடக்கத்தி வியாபாரிகளிடம் போனில் அவள்தான் ஆங்கிலம் பேசுவாள். 'ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்' என்று தொடங்கினால் லாரி கிளம்பும்வரை நிறுத்தமாட்டாள்.

"சார், நானு பேஷண்டுகிட்டப் பேசோணுங்க. மெழுகுவத்திகிட்ட இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைப் பற்றி அப்புறம் எந்த வகுப்பிலும் பேச்செடுக்காமல் அவர் இருந்ததில்லை.

இந்த ஏப்ரலில் நிலையத்தின் முதலாளி லிபின் ஒரு விதி போட்டார். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் பரீட்சையில், பேச்சுப் பகுதியில் ஒன்பதுக்கு ஏழு வாங்கியவர்தான் இனி வகுப்பெடுக்கலாம். மற்றவர்கள் ரிசப்ஷனில் போன் எடுக்க வேண்டியதுதான். ராஜசேகர் சிரித்தார். தன்னைச் சோதிக்க வருகிற ஆளை நினைத்து அவருக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

பரீட்சை கோயம்புத்தூரில். அதே நாள் சுஹைனாவுக்கும் இருந்தது. பஸ்ஸில் அவள் வணக்கம் சொன்னாள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிடித்த இடம் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார் பரீட்சகர். ராஜசேகர் 'பிளேஸ்' என்றார். ஏ.சி. குளிரில் மூச்சு சரியாக வெடிக்கவில்லையோ என்று சந்தேகம். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை சொன்னது திருப்தியாக இருந்தது. பாலக்காட்டையும் வெள்ளைக்கார வாய்க்கு ஏற்றபடி சொன்னதில், அது எந்த நாட்டில் இருக்கிறது என்று பரீட்சகர் கேட்டார். இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் நேரம் முடிந்தது. ஒரு தப்பும் செய்யவில்லை என்ற நிறைவோடு வெளியே வந்து காப்பி குடித்தார்.

அவருக்கு ஐந்தரை. சுஹைனாவுக்கு ஏழு.

விசா வரும்வரை வகுப்பை அவளே எடுக்கட்டும் என்றார் லிபின். அவளுக்கு உச்சரிப்பே கிடையாது, வெறுமனே பேசுகிறாள் என்று ராஜசேகர் அரை மணி நேரம் விளக்கினார். லிபின் பாதி மலையாளத்தில், "பேசினா மதி சாரே, அது போதும், நமக்கு அதுதானே வேணும்" என்றார்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் போகுமுன் சுஹைனா ரிசப்ஷன் மேசையருகே நின்றாள். "சார், சன்னலைத் தெறந்துக்கட்டுங்களா?"

அவர் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் திறந்தாள். கணவாய்க் காற்று உள்ளே வந்து, வழக்கம்போல் ஏற்றி வைத்திருந்த அத்தனை சுடரையும் ஒரே மூச்சில் அணைத்தது. இருபது பேர் ஒரே நேரத்தில் தப்புத்தப்பாகப் பேச ஆரம்பித்தார்கள். ராஜசேகர் தப்புகளை எண்ணத் தொடங்கி, பதினேழில் விட்டுவிட்டார்.

போன் அடித்தது. பக்கத்து ஊரான பெருமாட்டியிலிருந்து யாரோ ஒரு பெண்.

"ஏனுங்க, அங்க இங்கிலீசு பேசச் சொல்லித் தருவாங்களா?"

அவர் வகுப்பறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"தருவாங்க" என்றார். "பேச மட்டுந்தான்."