எக்ஸ்ரேயோடு டிரினிடாட் போன கதை

"அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

டிரினிடாட்டுக்குப் போகிறோம் என்று சொன்னதும் இதைக் கேட்காத ஆளில்லை. ஒருவரும் இல்லை என்றேன். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் இருந்த என் அண்ணை டெலிபோனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களுக்கு வெக்கேஷன் என்றால் லண்டனிலோ பாரிஸிலோ ஒரு கலியாணவீடு. சொந்தக்காரர் இல்லாத ஒரு கரீபியன் தீவுக்குப் பிளேன் ஏறுவது விசர் வேலை.

எனக்கோ ஆசை அடங்கவில்லை. ஃபக்டரியில் பக்கத்து மெசினில் நின்ற டிரினிடாட்காரர்தான் என்னைக் கெடுத்தவர். நடந்து போகக்கூடிய தார் ஏரி, பின்னேரத்தில் மரங்களை மூடும் சிவப்புப் பறவைகள், மதராஸிலிருந்து கப்பலில் வந்தவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் என்று ஒவ்வொரு பிரேக்கிலும் ஒன்றை எடுத்துவிடுவார். கனடா பாஸ்போர்ட் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. விசா கேட்காமல் ஒரு நாடு எங்களை உள்ளே விடுமாம். அதைப் பார்ப்பதற்காகவே போகலாம் போலிருந்தது.

மனைவிக்குப் பயம். கடலுக்கோ பிளேனுக்கோ அல்ல.

"வெளிக்கிட்டால் திரும்பி வர விடுவாங்களோ?"

அவளைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டினோம், கொழும்பில் அறையைப் பூட்டினோம். இரண்டுக்கும் நாங்கள் திரும்பிப் போகவில்லை. அதனால் எங்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு மண்ணிறச் சூட்கேஸ் எட்டு வருடமாகக் கட்டியபடியே கிடந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, பள்ளிக்கூட றிப்போட்டுகள், அகதி வழக்குக் கடிதங்கள், கனடா மெடிக்கலுக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே. அதையும் கொண்டு வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஏழு நாளைக்கு எதற்கு என்று சத்தம் போட்டேன்.

"உங்களுக்குப் பாரமெண்டால் நான் தூக்கிறன்" என்றாள். முறைத்துக்கொண்டே டாக்சியில் ஏற்றினேன்.

டிரினிடாட்டில் இறங்கியதும் ஒரு பெண் அதிகாரி அந்தச் சூட்கேஸைத்தான் திறக்கச் சொன்னார். எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஏழு நாள் என்றேன்.

"ஏழு நாளைக்கு இதெல்லாம் எதற்கு?"

நான் நல்லதாக ஒரு பொய் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மனைவி தன் ஆங்கிலத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள்: "நாங்கள் ஒரு இடத்தை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போறதில்லை."

எயார்போட்டில் சொல்லக்கூடிய பதிலா இது! எனக்கு வியர்த்து ஒழுகியது. ரிட்டர்ன் ரிக்கெற்றைக் காட்டலாம் என்று பொக்கெற்றுக்குள் அவசரமாகக் கையை விட்டபோது, எங்கள் அப்பார்ட்மென்ட் சாவியும் சேர்ந்து வந்து மேசையில் விழுந்தது. அதிகாரி சாவியைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கடதாசிகளை மடிப்புக் கலையாமல் ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார். சாவியை எனக்குத் தராமல் அவள் உள்ளங்கையில் வைத்து, "ஏழு நாளும் சந்தோஷமாகச் சுற்றிப் பாருங்கள்" என்றார்.

அந்தச் சாவியை அவள் பிறகு எனக்குத் தரவே இல்லை. தார் ஏரியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் புதைகிறது என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தபோதும் கையில் சாவி இருந்தது. சதுப்பு நிலத்தில் வள்ளத்தில் இருந்தபடி, செக்கச் செவேலென்று பறவைகள் வந்து மரத்தில் இறங்குவதைப் பார்த்தபோதும் இருந்தது.

"உதுகள் ஒவ்வொரு நாளும் உந்த மரத்துக்கோ வருகுதுகள்?" என்று கேட்டாள். வள்ளக்காரரிடம் கேட்டுச் சொன்னேன்: ஓம், விடியப் போய்ப் பொழுதுபட வந்துவிடும்.

"அப்ப சரி" என்றாள்.

கடைசி நாள் எங்களை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போன கார்க்காரரின் முன்னோர், கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பலாம் என்று மதராஸிலிருந்து கப்பலேறியவர்கள். திரும்பவில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். தெரியாது, கடதாசி ஒன்றையும் வீட்டில் ஒருவரும் வைத்திருக்கவில்லை என்றார். எக்ஸ்ரே கதையைச் சொன்னால் மனுசன் சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என் மனைவியைப் பார்த்து, "உங்களைப் போல ஒருவர் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் என் ஊர் எனக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று ஹோட்டலை விட்டு வெளிக்கிடும்போது சூட்கேஸை முறைக்காமல் நானே தூக்கினேன்.

ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எயார்போட்டில் எங்களை ஒருவரும் மறிக்கவில்லை. அப்பார்ட்மென்ட் கதவின் முன்னால் அவள் சாவியோடு அப்படியே நின்றாள்.

"நீங்கள் திறவுங்கோ."

"இல்லை, நீர் திறவும்" என்றேன்.

திறந்தாள். வாசலில் அவள் கழற்றிவிட்டுப் போன செருப்பு விட்டபடியே கிடந்தது. நாங்கள் பூட்டிவிட்டுப் பயணம் போய், திரும்பி வந்து திறந்த முதல் கதவு அதுதான். சூட்கேஸின் மேல் குந்தியிருந்து அவள் அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு எழும்பிக் கடதாசிகளை அலுமாரிக்குள் அடுக்கி வைத்தாள், எக்ஸ்ரே உட்பட. வெறும் சூட்கேஸை என்னிடம் நீட்டினாள்.

"உதைக் கீழை சாமான் வைக்கிற லொக்கருக்குள்ளை வையுங்கோ. அடுத்த வருசமும் எங்கையும் போகேக்கை தேவைப்படும்."