இரண்டு ஆட்டம் பாக்கி

ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. எண்பதுகளின் தொடக்கம். விடியுமுன் எழுந்து குளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, கோப்பியில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குப் போனேன். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். மதியம் வரை திருகாணிப் பெட்டிகளை அளவுவாரியாக அடுக்கினேன். பிறகு கேண்டீன்.

அங்கிருந்த ரேடியோதான் செய்தியைச் சொன்னது. தேசியக் கால்பந்து லீக்கின் மீதி ஆட்டங்கள் நடக்காது. இந்த ஆண்டு சாம்பியன் என்று யாரும் இல்லை. காரணம், தவிர்க்க முடியாத சூழ்நிலை. அது என்ன சூழ்நிலை என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதைத் தவிர்ப்பது மட்டும் அவர்களுக்குச் சுலபமாக முடிந்திருக்கிறது.

எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவியின் தம்பி சோற்றிலிருந்து கையை எடுத்தான். எங்கள் மாநில அணி லீக்கை ஜெயிக்கும்வரை முகத்தில் கத்தி படாது என்று, எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து முனீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டவன் அவன். அணியும் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. இரண்டே ஆட்டம் பாக்கி. தாடி நெஞ்சைத் தொட்டிருந்தது. மூன்று வாரத்தில் கல்யாணம்.

பெண் சிம்பாங் பூலாய்க்காரி. தாடியைப் பார்த்த நாள்முதலே அவள் உறவினர்கள், மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஏதோ காதல் தோல்வி என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். லீக் முடிந்ததும் எடுத்துவிடுவான் என்று நான்தான் சமாதானம் சொல்லிவைத்திருந்தேன்.

அன்று மாலை அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். தோட்டத்தை விற்றாயிற்று, ரப்பர் மரங்களை வெட்டியாயிற்று, சனங்களும் ஈப்போவுக்குக் குடிபோயாயிற்று. மிஞ்சியவை கோயிலும் கோயில் கமிட்டியும்தான். கமிட்டித் தலைவர், தோட்ட ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள்.

வருங்கால மாமனார் சுற்றிவளைக்கவில்லை.

"தாடியோட மணவறையில உக்காந்தா ஊரே சிரிக்கும். வேண்டுதலை முறிச்சிட்டு வந்தா எம்பொண்ணுக்கு ஆகாது. ரெண்டும் இல்லாம ஒரு வழி சொல்லுங்கலா. இல்லன்னா இந்தக் கல்யாணம் வேணாம்."

கமிட்டி கூடியது. முதலிடத்தில் இருந்த அணி ஜெயித்ததாகத்தான் அர்த்தம் என்றார் ஒருவர். அப்படியானால் வெற்றிக் கிண்ணம் எங்கே என்றார் இன்னொருவர். வேண்டுதலை அடுத்த சீசனுக்கு மாற்றலாம் என்று மூன்றாமவர் சொல்ல, கல்யாணத்தையுமா என்று பெண்ணின் தாய் கேட்டாள். கடைசியில் கிராணி, இதை ஆராயத் துணைக்குழு ஒன்று அமைக்கப்படும், அது கூடும் தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்றார். அதுவரை கால்பந்துச் சங்கம் எதையும் முடிவு செய்யத் தெரியாத கூட்டம் என்று திட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

"அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிருக்குமேண்ணே," என்றான் மச்சினன்.

"முடிஞ்சிருக்காதுலா. அதானே பிரச்சனை," என்றார் கிராணி.

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். எங்கள் அணி அடித்த பந்து கோல் போஸ்டில் பட்டுத் திரும்பியபோதுகூட அவன் கலங்கியதில்லை.

மணப்பெண் ஒரு ஓரமாகச் சுண்டல் பகிர்ந்துகொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்காமலே தன் அப்பாவைக் கேட்டாள்.

"எத்தனை ஆட்டம்பா பாக்கி?"

"ரெண்டு."

"அப்ப தாடியில ரெண்டு முடி மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுக்கச் சொல்லுங்க. அந்த ரெண்டு ஆட்டத்தை என்னைக்கு ஆடுறாங்களோ அன்னைக்கு அதையும் எடுத்துக்கட்டும்."

பிறகு கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானும் அதையேதான் சொல்ல இருந்ததாகச் சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பூசாரி கற்பூரம் காட்டி மச்சினனின் தாடியில் திருநீற்றைத் தூவினார். மாமனார் இரண்டாம் முறை சுண்டல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குழாயடியில் முக்காலியைப் போட்டு, ரேசரில் புது பிளேடு மாட்டினேன். மச்சினன் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். எந்த இரண்டு முடி என்று கமிட்டி சொல்லவில்லையே என்றேன்.

அவன் யோசித்தான். "பாக்கி ரெண்டும் வெளியூர் ஆட்டம் மச்சான். தாடைக்கு அடியில, தெரியாத எடமா பாத்து விடுங்க."

சோப்பைக் குழைத்துக் கன்னத்திலிருந்து ஆரம்பித்தேன்.