பதினெட்டாம் தேதிக்குள் சரியாகிவிடும்

அத்தை வேலையை விட்டது ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு. கடிதம் கொடுத்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு விட்டதல்ல. ஏலக்கூடத்தின் திரையில் நூற்றுப் பதினான்காம் எண் மோதிரம் தெரிந்துகொண்டிருந்தபோது, சுவரோரமாக நின்றிருந்தவள் கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கழற்றிப் பக்கத்து மேசைமேல் வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்தார்களாம். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த அந்த இடத்துக்கு அவள் திரும்பவே இல்லை. இழுப்பறையில் கிடந்த மாற்றுச் செருப்பையும் டீக் கோப்பையையும் யாரோ ஒரு காகிதப் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

நான் அப்போது வெகுதூரத்தில் இருந்தேன். அத்தைக்கு மூளை கலங்கிவிட்டது என்று அப்பா போனில் சொன்னார். ஊர் சுற்றி முடித்து வந்து, அவள் வீட்டு மாடியறையில் தங்கிய பிறகுதான் நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். ஒரே மூச்சில் இல்லை. ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது கொஞ்சம், இன்னொரு நாள் துணி மடிக்கும்போது கொஞ்சம்.

அவள் வேலை பார்த்தது நகைகளையும் விலை உயர்ந்த கைப்பைகளையும் ஏலம் விடும் நிறுவனத்தில். அதிகமும் இறந்துபோனவர்களின் வீடுகளிலிருந்து வரும் பொருட்கள். அவற்றுக்கு அங்கே 'எஸ்டேட்' என்று பெயர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தங்கை ஏதோ மலைத்தோட்டத்தில் கணக்கெழுதப் போகிறாள் என்றே அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். செத்தவர்கள் சொத்து என்று அவள் விளக்கியதும், அதை நேராகவே சொல்லித் தொலைப்பதுதானே என்று கேட்டிருக்கிறார். நேராகச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் அங்கே சம்பளம்.

தட்டச்சு செய்யத்தான் அவளை எடுத்தார்கள். ஒரு நாள், மூன்று பேர் பார்த்துச் சரியென்று சொன்ன ஒரு பையைத் தாண்டிப் போனவள், உலோகப் பூட்டில் பொறித்த எழுத்துகளில் ஒன்று மட்டும் லேசாகச் சாய்ந்திருப்பதாகச் சொன்னாள். பை போலி. அன்றைக்கே அவள் மேசை மாறியது, 'பூதக்கண்ணாடி' என்ற பட்டப்பெயரும் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அவள் வேலையே அதுதான். கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் தேய்ந்திருக்கின்றனவா, பையின் மூலைகள் வெளுத்திருக்கின்றனவா, கைப்பிடியில் எந்தப் பக்கம் கறுத்திருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் நிலைக் குறிப்பு எழுத வேண்டும். பெரியம்மாவின் வைரத்தோடு வெறும் கண்ணாடி என்று அவளுக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

குறிப்புக்கு மேலே, பொருள் யாருடையது என்று ஒரு வரி வரும். அதில் இரண்டே வகை. உடையவர் உயிரோடு இருந்தால் 'தனியார் சேகரிப்பு'. உடையவரே கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் 'எஸ்டேட்'. வாரிசு கையெழுத்துப் போட்டால் போதும், கூடவே இறந்த தேதி வேண்டும். இதில் அத்தை ஒருநாளும் தவறு செய்ததில்லை.

அந்த வீட்டுக்கு அவள் போனது ஏலத்துக்கு மூன்று மாதம் முன்னால். வாசலில் வரவேற்றவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். சட்டைக்கைகளை அளவெடுத்தாற்போல் மடித்துவிட்டிருந்தார். அவள் குடையைத் தானே வாங்கித் தண்ணீர் உதறி மாட்டினார். வீட்டுக்காரம்மாவின் அக்கா மகன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். சாப்பாட்டு மேசைமேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு, அதில் பதினோரு கைப்பைகளும் நகைகளும் வரிசையாக வைத்திருந்தார். படிவத்தில் எஸ்டேட் என்ற இடத்தில் குறியிட்டிருந்தது. இறந்த தேதிக்கான கட்டம் மட்டும் காலி. துக்கத்தில் மறந்திருப்பார் என்று அத்தை எண்ணிக்கொண்டாள்.

மேசையின் மறுமுனையில் ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரம்மாவின் தங்கை. முழங்கையில் ஒரு கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பவர்போல் இருந்தார். அதையும் பார்க்கலாமா என்று அத்தை கேட்டதற்கு அவர் பையை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார்.

"சின்ன சித்தியோடது அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார் அக்கா மகன், சிரித்த முகமாக.

அத்தை மோதிரத்தை எடுத்தாள். நடுவில் ஒரு பெரிய நீலக்கல், சுற்றிலும் சிறு வைரங்கள். லென்ஸை வைத்துப் பார்த்தபோது நீலக்கல்லின் பின்னால் வெள்ளையாக ஏதோ இருந்தது. ஊசிமுனையால் தொட்டாள். சோப்பு. இன்னும் காயவில்லை.

பெட்டியில் கிடக்கும் மோதிரத்தில் ஈரச் சோப்பு இருக்காது. அதைக் காலையில்தான் யாரோ ஒரு விரலிலிருந்து வழுக்கி எடுத்திருக்கிறார்கள். அவள் நிமிர்ந்தபோது மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

பெரிய சித்திக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறார் என்றார் அக்கா மகன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் படிவம் தவறு, அவர் கையெழுத்து வேண்டும் என்று அத்தை சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். புத்தகம் எப்போது அச்சுக்குப் போகும் என்று விசாரித்தார். ஏலப் பட்டியலை அங்கே புத்தகம் என்பார்கள். ஏலத்துக்கு ஐந்து வாரம் முன்பு, அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி என்றாள்.

"அதுக்குள்ள சரியாயிடும் மேடம்" என்றார்.

உடம்பைச் சொல்கிறாரா, படிவத்தைச் சொல்கிறாரா என்று அவள் யோசிக்கவில்லை. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். வழக்கமாக எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள்.

"பதினெட்டுக்குள்ள சரியானா போதும் சார்."

பொருட்களை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்த பிறகும் அந்த ஈரச் சோப்பு அவளை விடவில்லை. பத்து நாள் பொறுத்தாள். பிறகு, ஒரு பையின் பூட்டுக்குச் சாவி வரவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போனாள். அக்கா மகன் வெளியே போயிருந்தார். கதவைத் திறந்த தங்கை, கறுப்புப் பையோடு முன்னே நடந்து, அந்த மூடிய அறைக்கே அவளைக் கூட்டிப்போனார்.

வீட்டுக்காரம்மா கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது, உடம்பு துரும்பு, குரல் மட்டும் வெண்கலம். மோதிர விரலின் அடியில் தோல் வெளுத்து ஒரு வளையம்போல் இருந்தது.

"நீதான் என் சாமானுக்கெல்லாம் சீட்டு எழுதுறவளா?"

"ஆமாம்மா."

"சோப்பு போட்டான். பரவால்லையே, பையன் கையெல்லாம் கழுவிவிடுறானேன்னு பாத்தேன். கழுவி முடிச்சா மோதிரத்தக் காணோம்." தங்கையைப் பார்த்துச் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. "கையெழுத்து கேட்டான். போட மாட்டேன்னுட்டேன். நான் போனப்புறம் அவன் என்னவோ பண்ணிக்கட்டும். இப்போ என்ன அவசரம்?"

பொருட்களைத் திருப்பி அனுப்பச் சொல்கிறேன் என்றாள் அத்தை. அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல நான் இருக்கேன்னு எழுதிக்கோ."

"எழுதிக்கிறேம்மா."

எழுதினாள். நூற்றுப் பதினான்காம் எண்ணின் நிலைக் குறிப்பில், 'நகங்களில் லேசான தேய்மானம், கல்லின் பின்புறம் சோப்பு' என்பதற்குக் கீழே, 'அணிந்தவர் உயிருடன் இருக்கிறார்' என்று ஒரு வரி சேர்த்தாள். மேலாளர் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"நாம எழுதறது பொருளோட நிலை. ஆளோட நிலைய எழுத டாக்டர் இருக்காரும்மா" என்று அந்த வரியை அடித்தார்.

ஆனால் அவர் மோசமானவர் இல்லை, அத்தையே சொல்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். உடையவர் மறுத்தால் விற்க முடியாது, பதினெட்டாம் தேதிவரை பார்ப்போம், கையெழுத்து வராவிட்டால் எல்லாவற்றையும் எடுத்த வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார். அத்தைக்கு மலையை இறக்கிவைத்தாற்போல் இருந்தது. அந்த அம்மாள் கையெழுத்துப் போடப்போவதில்லை. பதினெட்டு தாண்டிவிட்டால் மோதிரம் அந்த விரலுக்கே போய்விடும். மேசை நாட்காட்டியில் பதினெட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். அதே தேதியை இன்னொருவரும் எண்ணிக்கொண்டிருப்பார் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பதினைந்தாம் தேதி தோன்றியது. மதியம் சாப்பிட உட்கார்ந்தவளுக்கு, 'அதுக்குள்ள சரியாயிடும்' என்று அவர் சொன்னதும், அதற்குத் தான் சொன்ன பதிலும் யாரோ காதருகில் சொன்னதுபோல் கேட்டன. டப்பாவை மூடிவிட்டு அந்த வீட்டுக்குப் போன் செய்தாள். தங்கைதான் எடுத்தார். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். தூங்குறா, ரெண்டு நாளா நிறையத் தூங்குறா, புது மருந்து என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஓர் ஆண்குரல் கேட்டது. இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

மேலாளரிடம் ஓடினாள். வயதானவர்கள் தூங்கத்தானே செய்வார்கள் என்றார் அவர். போலீசுக்குப் போகலாமா என்று நினைத்தாள். போய் என்ன சொல்வது? ஒரு அம்மாள் தூங்குகிறார் என்றா? நாளைக் காலை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

பதினாறாம் தேதி காலை ஏழரை மணிக்கு அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா மகன். குரல் தழுதழுத்தது. விடியற்காலையில், தூக்கத்திலேயே, ஒரு கஷ்டமும் இல்லாமல் என்றார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று என்றார். கடைசியில், அந்தக் கட்டத்தில் தேதி போட்டுக்கொள்ளலாம் என்றார்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எண்பத்து மூன்று வயதுக்கு எதற்குச் சந்தேகம் வர வேண்டும்? அத்தை மேலாளரிடம் தேதிகளைச் சொன்னாள். தேதி ஒத்துப்போவதெல்லாம் சாட்சியாகாது என்றார் அவர். அவள் காவல் நிலையத்துக்கும் போனாள். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். சோப்பைப் பற்றி இரண்டு தடவை விளக்கச் சொன்னார். பிறகு, மருத்துவர் சான்று கொடுத்துவிட்டார், உடலையும் எரித்தாயிற்று, வீட்டுக்குப் போங்கள் அம்மா என்றார்.

'எஸ்டேட்' என்ற வார்த்தையை அவள்தான் தட்டச்சு செய்தாள். பதினேழாம் தேதி மாலை, தன் கையாலேயே. இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஏலத்தன்று அக்கா மகன் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் சின்ன சித்தி, முழங்கையில் அதே கறுப்புப் பை. கைப்பைகள் போயின, சங்கிலிகள் போயின. நூற்றுப் பதினான்கு வந்தது. திரையில் மோதிரம் ஆள் உயரத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதைச் சுத்தம் செய்யாமலே படமெடுக்க அனுப்பியிருந்தாள் அத்தை. நீலக்கல்லின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. கூடத்தில் இருந்த இருநூறு பேரில் அது என்னவென்று மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ஏலம் விடுபவர் தொடக்க விலையைச் சொன்னார். அப்போது சின்ன சித்தி கையைத் தூக்கினார்.

"முன்வரிசையில அம்மா கேக்கறாங்க" என்றார் ஏலம் விடுபவர். பின்னாலிருந்து ஒருவர் விலையை ஏற்றினார். சின்ன சித்தி கையை இறக்கவில்லை. "அம்மா விடறதா இல்ல!" என்று அவர் சொல்ல, கூடம் சிரித்தது. விலை இன்னும் ஏறியது. அந்தக் கை அப்படியே நின்றது. அவர் கேட்பது விலை அல்ல என்று அத்தைக்குத் தெரிந்தது. வகுப்பில் பிள்ளைகள் கை தூக்குவார்களே, எழுந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று, அப்படித் தூக்கிய கை. அக்கா மகன் சிரித்தபடியே அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக, மிகவும் மெதுவாக மடியில் கொண்டுவந்து வைத்தார். எல்லோரிடமும் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சுத்தியல் விழுந்தது.

அத்தை லென்ஸைக் கழற்றியது அப்போதுதான்.

இப்போது அவள் வீட்டிலேயே பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிறாள். அறுந்த கைப்பிடி, பிய்ந்த உட்துணி, பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை. எதிர்வீட்டுக்காரர் ஒரு தடவை மனைவியின் பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அத்தை முதலில் கேட்டது அந்த அம்மாள் எப்படி இருக்கிறார் என்றுதான். அவர் குழம்பிப்போய், வீட்டில்தான் இருக்கிறாள், கூப்பிடட்டுமா என்றார். கூப்பிடச் சொன்னாள். வந்து வாசலில் நின்றதைப் பார்த்த பிறகுதான் பையை வாங்கினாள். தெருவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சின்ன சித்தி இருக்கும் அந்த வீட்டுக்கும் முதல் வருடம் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறாள். கதவு திறக்கவில்லை. சன்னல் திரை மட்டும் ஒருமுறை அசைந்ததாம்.

போன சனிக்கிழமை காலை, அவள் வேலையை விட்டு இரண்டரை வருடம் கழித்து, அந்த வீட்டிலிருந்து செய்தி வந்தது. ஒரு சிவப்புப் பையின் ஜிப்பைப் பாதி தைத்திருந்தாள். போனை எடுத்துப் படித்தாள். நூலைக்கூட அறுக்கவில்லை. ஊசி தொங்கத் தொங்கப் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வண்டிச் சாவிய எடு."

எங்கே என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே போனை என்னிடம் நீட்டினாள்.

"படி. ஆனா பதில் போட்டுடாத. தேதி தெரியாத வரைக்கும் அவங்களுக்கு நாள் இருக்கு. இன்னைக்குக் கதவ ஒடச்சாவது பாத்துட்டுத்தான் வருவேன்."

வண்டியைக் கிளப்பும் முன் படித்தேன்.

'வணக்கம் மேடம். நல்லா இருக்கீங்களா? நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்கன்னு நெனைக்கிறேன். சின்ன சித்தியோட கறுப்புப் பை ஒண்ணு பாத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அதையும் இன்னும் கொஞ்சம் நகையையும் குடுக்கலாம்னு இருக்கோம். சித்திக்கு ஒரு வாரமா உடம்பு சரியில்ல. நிறையத் தூங்கறாங்க. புத்தகம் இந்தத் தடவ எத்தனாம் தேதி அச்சுக்குப் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்குள்ள சரியாயிடும்.'