கண்ணாடிக்குள் பொங்கிய பால்

பள்ளிபாளையத்தில் நான் ஆறு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் ஒரு வேலையில் இருக்கும்போது இன்னொன்று வந்தால் இரண்டும் கையைவிட்டுப் போயின. டாக்டர் சரி என்று சொன்னால்தான் தறியில் விடுவேன் என்றார் முதலாளி. எனக்கு வேறு தொழில் தெரியாது.

சேலத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் என் கண்ணை மறைத்து ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டார். அதற்குள் நிஜம்போலவே ஒரு சமையலறை தெரிந்தது. அடுப்பில் பால், மேசையில் போன், வாசலில் அழைப்புமணி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். கையில் கொடுத்த பிடியை அழுத்தினால் உள்ளே என் கை நீளும். நான் பார்ப்பதையெல்லாம் என் மனைவி டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. நான் அசையவில்லை. அடித்து ஓய்ந்ததும் ஓடிப்போய் எடுத்தேன். வாசல் மணிக்கும் அப்படியே. அதற்குள் பால் பொங்கி வழிந்தது.

"ஏனுங்க, கூப்புடறப்ப உட்டுப்போட்டு, நின்னதுக்கப்புறம் எங்க ஓடறீங்க? ஊட்டுல ஒரு நாளாச்சும் அடுப்படிப் பக்கம் வந்திருந்தாத்தானே!" என்றாள் மனைவி.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். என் முகம் பாதி மறைந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

காரணம் எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. தறிக்கூடத்தில் சத்தம் போடுகிற தறியை யாரும் பார்ப்பதில்லை. நூல் அறுந்தால் தறி நின்றுவிடும். அத்தனை இரைச்சலில் ஒரு தறியின் சத்தம் குறைவதைக் காது பிடிக்கும், கால் அங்கே போகும்.

வாரம்தோறும் போனேன். "சத்தம் கேட்டா உடனே போங்கண்ணா" என்று அந்தப் பெண் அலுக்காமல் சொல்லிக்கொடுத்தார். மெல்லப் பழகியது. ஒரு நாள் பால் பொங்கவில்லை, போனை எடுத்தேன், கதவையும் திறந்தேன். டாக்டர் சரி என்றார். திரும்பும்போது பஸ்ஸில் மனைவி என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் தறிக்குப் போனேன். ஆறும் ஓடின. ஆறும் ஒன்றாக என்னைக் கூப்பிட்டன. எதன்முன் நிற்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் ஓடினேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு தறி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. பக்கத்துத் தறிக்காரர் தோளைத் தொட்டுக் காட்டியபோதுதான் பார்த்தேன். அடிபட்டதாலா, ஆஸ்பத்திரியில் பழகியதாலா, தெரியவில்லை.

முதலாளி திட்டவில்லை. "தார் சுத்தப் போப்பா. உக்காந்தே பாக்கற வேலைதான்" என்றார். தறியில் குறுக்கே ஓடி ஊடைநூல் விடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கட்டையில் நூல் சுற்றும் வேலை அது. எங்கள் பக்கம் வயதானவர்கள் செய்வது.

இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடுகின்றன. எது நின்றாலும் எனக்குத் தெரிவதில்லை. மனைவி போன் செய்தால் மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.